மால்டோவாவின் கடல்

புதுச்சேரி மரபுப் பானங்கள் வாரியத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு கார், கடற்கரைப் பக்கம் மஞ்சள் அடித்த ஒரு பழைய மாளிகை, இரண்டு மொழியில் பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. பானம் மட்டும்தான் இல்லை.

ஊரின் பிரெஞ்சு மரபைக் காக்க வேண்டுமானால் பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதியன்று விருந்தினர்களுக்கு நுரை பொங்கும் ஒயின் ஊற்றியே ஆக வேண்டும் என்று வாரியம் தன் முதல் கூட்டத்தில் தீர்மானம் போட்டது. அடுத்த கூட்டத்தில் டெண்டர் விட்டது. டெண்டர் என்றால் குறைந்த விலை சொன்னவருக்குத்தான். மரபு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் விலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. பிரான்சுக்காரன் தோற்றான். இத்தாலிக்காரன் தோற்றான். மால்டோவா ஜெயித்தது.

ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற சின்ன நாடு அது. கடற்கரை கிடையாது. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த சுரங்கங்களுக்குள்ளே வண்டி போகிற அகலத்துக்குத் தெருப் போட்டு, அந்த இருட்டில் ஒயின் பாட்டில்களை வருஷக்கணக்கில் படுக்கவைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வந்து சேர்ந்த பெட்டிகளைப் பிரித்தபோது ஒவ்வொரு லேபிளிலும் திராட்சை பறித்த வருஷம் அச்சாகியிருந்தது. 1988. செயலாளர் நெடுமாறன் அதைப் பார்த்துவிட்டு, காலாவதியான சரக்கு என்று திருப்பியனுப்பப் பேனாவைத் திறந்தார்.

தடுத்தவர் வாரியத்தின் சுவை நிபுணர் முசியே சவரிராயன். பாரிசில் வெகுகாலம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், "நிறைய முகர்ந்திருக்கேன்" என்று மட்டும் சொல்வார்.

"இது மாத்திரை இல்ல நெடுமாறன். பழசாகப் பழசாகத்தான் இதுக்கு மரியாதை."

"நம்ம தலைவர் மாதிரிங்களா முசியே?" என்றார் நெடுமாறன். பக்தியோடுதான் கேட்டார்.

வெயில் காலம். பாட்டில்களைக் குளிரில் வைக்க வேண்டும். வாரிய மாளிகையின் நிலவறைக்குத் திறப்புவிழாக் கல்வெட்டு இருந்தது, மின் இணைப்பு இல்லை. எனவே நெடுமாறன் உப்பளம் என்ற பகுதிக்கு வந்தார்.

உப்பளத்தில் அரிகிருஷ்ணனுக்கு ஒரு குளிர் அறை இருந்தது. அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது கைக்கு வந்ததையும், மனைவி சுடர்விழியின் கழுத்தில் கிடந்ததையும் போட்டுக் கட்டிய ஒரே ஓர் அறை. படகில் வரும் மீனை வாங்கி ஓட்டல்களுக்குப் போடுகிற பெண்கள் தங்கள் ஐஸ் பெட்டிகளை அதில் அடுக்கிவைத்து வாடகை கொடுப்பார்கள். குடும்பத்துக்கு வேறு வருமானம் கிடையாது. நெடுமாறன் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். படகுகள் கரையில் கிடந்தன. அறை காலியாகக் கிடந்தது.

"நாலு நாளைக்குத்தான்," என்றார் நெடுமாறன்.

"மீன் வைக்கிற ரூமுங்க சார் இது."

"தெரியும்பா. சும்மாதானே கெடக்குது. அரசாங்கத்துக்கு ஒரு ஒத்தாச." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "லைசென்ஸ் எப்ப புதுப்பிக்கணும் உனக்கு?" என்று விசாரித்தார்.

அன்று மாலையே பெட்டிகள் வந்து இறங்கின. வாரியம் தன் சொந்தப் பூட்டைக் கதவில் மாட்டியது.

மறுநாள் முசியே சவரிராயன் கழுத்தில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு வந்து அறையைப் பார்வையிட்டார். மீனுக்கு வைத்திருந்த குளிர் ஒயினுக்கு ஆகாதென்று பன்னிரண்டு டிகிரிக்கு ஏற்றச் சொன்னார். விளக்கை அணைக்கச் சொன்னார். உள்ளே யாரும் உரக்கப் பேசக்கூடாது, ஒயின் அதிரும் என்றார். குளிர்விக்கிற மோட்டார் ஓடும்போது தரை லேசாக நடுங்குவதைக் காலால் உணர்ந்து, அதையும் நிறுத்தச் சொன்னார்.

"மோட்டார நிறுத்துனா குளிரு நின்னுடுங்களே முசியே."

"நடுங்காம குளிர வை," என்றார் முசியே. தொழில்நுட்ப விவரங்களில் அவர் தலையிடுவதில்லை.

இதெல்லாம் போக, தினமும் காலையில் ஒவ்வொரு பாட்டிலையும் கால் சுற்று திருப்பிவைக்க வேண்டும் என்றும் உத்தரவு. அடியில் படியும் வண்டல் கழுத்துக்கு இறங்கட்டும் என்று மதுச் சுரங்கங்களில் செய்கிற வேலை அது. லேபிள் ஒட்டுவதற்கு வெகுமுன்னரே முடிந்துவிடும். வண்டலை எடுத்து, அடைப்பான் போட்டு, லேபிளும் ஒட்டிக் கப்பலேற்றிய பாட்டிலைத் திருப்பினால் லேபிள்தான் ஒருநாள் மேலேயும் ஒருநாள் கீழேயும் இருக்கும். வாரியத்தில் யாருக்கும் இது தெரியாது. அரிகிருஷ்ணனுக்கும் தெரியாது. வாரியத்தின் பியூன் காலையில் வந்து பூட்டைத் திறந்துவிட்டு, குளிர் ஆகாதென்று வெளியே வெயிலில் உட்கார்ந்துகொள்வார். அரிகிருஷ்ணன் தன் சொந்த அறைக்குள் கை விளக்கோடு போய், தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவதுபோல் பாட்டில்களைப் புரட்டிவிட்டு வருவார்.

நாலு நாள் போயிற்று. தடைக்காலமும் போயிற்று. படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பின. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து ஆயம்மா முதலில் பிடித்த மீனோடு மினி வண்டியில் வந்து இறங்கினாள். ஓட்டல்களுக்கு மீன் போடுகிற பெண்களில் அவள்தான் மூத்தவள். அவள் எந்தப் பக்கம் நடக்கிறாளோ மற்றவர்களும் அந்தப் பக்கம்.

"இன்னா தம்பி, யாரு பூட்டு இது?"

"வாரியத்துப் பூட்டு அக்கா. உள்ள ஒயின் கெடக்குது."

"குடிகாரனுங்க கடையில வைக்கிறத உன் ரூம்புல ஏன் வெச்சானுங்க? சரி, ஒரு ஓரமா என் பொட்டிய தள்ளு."

"உள்ள பன்னெண்டு டிகிரி அக்கா."

ஆயம்மா பெட்டி மூடியைத் திறந்து காட்டினாள். "பன்னெண்டுல மீன வெச்சா நாளைக்கு அத மீனுன்னு சொல்ல முடியாது தம்பி. எருன்னுதான் சொல்லணும்."

அன்றைய மீனை ஐஸ் மேல் ஐஸாகக் கொட்டி எப்படியோ ஒப்பேற்றினாள். மறுவாரமும் ஒப்பேற்றினாள். பிறகு சொன்னாள்: "ஜூலை பதினாலு வரைக்கும் பாக்குறேன். அன்னிக்கித்தான் எல்லாத்தையும் குடிச்சுடுவானுங்கன்னு சொல்றியே. அதுக்கு மேல முடியாது, கடலூர்ல ஒருத்தன் ரூம்பு வெச்சிருக்கான், அங்க போயிடுவேன். நான் போனா மத்தவளுங்களும் வந்துடுவாளுங்க. அப்புறம் என்னைத் திட்டாத."

அரிகிருஷ்ணன் வாரிய மாளிகைக்குப் போனார். நெடுமாறன் அவரை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, விஷயம் கைமீறிவிட்டது என்று தெரிவித்தார். கணக்குத் தணிக்கையாளர் ஒரு கேள்வி போட்டிருக்கிறார். பாட்டிலில் இருப்பது 1988ஆம் வருஷத்து ஒயின். தயாரித்த நாடு மால்டோவா என்று லேபிள் சொல்கிறது. ஆனால் 1988இல் மால்டோவா என்று தனி நாடு கிடையாது, அது சோவியத் யூனியனுக்குள் இருந்தது. ஆகவே இந்த ஒயின் இல்லாத ஒரு நாட்டில் தயாராகியிருக்கிறது. இல்லாத நாட்டின் சரக்கை வாரியம் எப்படி வரவு வைக்க முடியும்?

"வரவு வைக்க வேணாங்க சார். எடுத்துட்டுப் போயிடுங்க."

"வராத சரக்க எப்படிப்பா எடுக்கறது?" என்றார் நெடுமாறன் வாத்சல்யத்தோடு. "வந்தாத்தானே போவ முடியும்? ரெக்கார்டுபடி உன் ரூம்பு இப்ப காலியாத்தான் இருக்குது."

"அப்ப தொறந்து குடுங்க."

"உள்ளதான் ஒயின் இருக்குதே."

ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும்படி நெடுமாறன் சோவியத் யூனியன், மாஸ்கோ என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார். பெறுநர் இந்த முகவரியில் இல்லை என்ற முத்திரையோடு உறை திரும்பி வந்தது. சோவியத் யூனியன் வீடு மாறியிருக்கிறது, புது முகவரி கண்டறியப்பட வேண்டும் என்று நெடுமாறன் கோப்பில் குறித்துவைத்தார்.

அரிகிருஷ்ணன் மறுபடியும் போனார். அதற்கு மறுநாளும் போனார். வாசலில் நின்றுநின்று, வாரியத்தின் வாட்ச்மேன் சாப்பிடப் போகும்போது அவருக்கு மாற்று ஆளாகிவிட்டார். ஒருநாள் தலைவர் இளஞ்செழியனே காரிலிருந்து இறங்கி அவர் தோளில் கைவைத்து உள்ளே அழைத்துப் போனார். தலைவர் மேடை இல்லாத இடத்திலும் மேடைத் தமிழில்தான் பேசுவார்.

"அரிகிருஷ்ணன் அவர்களே, புதுச்சேரிக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பத்து நாலு நவம்பரில் நாம் நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தோம். அறுபத்திரண்டு ஆகஸ்டில்தான் சட்டப்படி சேர்ந்தோம். நடுவிலே எட்டு ஆண்டுகள். யாராவது அவசரப்பட்டோமா? பொறுத்திருந்தோம். அதனால்தான் இன்றைக்கும் ஆண்டுக்கு இரண்டு விடுமுறை அனுபவிக்கிறோம். அவசரப்பட்டிருந்தால் ஒன்றுதான் கிடைத்திருக்கும். இந்த ஒயின் நடைமுறையில் மால்டோவா, சட்டப்படி சோவியத். இதன் மனவேதனை நம் ஊரைத் தவிர வேறு எந்த ஊருக்குப் புரியும்?"

"எனக்கு ரூம்பு வேணுங்க சார். சாப்பாட்டுக்கு வேற வழி இல்ல."

"அறை உங்களுடையதுதான். யார் இல்லை என்றது? சட்டப்படி அது என்றைக்கும் உங்களுடையது. நடைமுறையில் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது." சொல்லும்போது தலைவரின் கண் கலங்கியது. தன் பேச்சைத் தானே கேட்கும்போது அவருக்கு அப்படி ஆகும்.

வீட்டுக்கு வந்து அரிகிருஷ்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சுடர்விழி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அவங்க எடுக்க மாட்டாங்க," என்றார்.

"எடுக்க வைக்கணும். குடிக்கிற ஜாமான்ல கருவாட்டு நாத்தம் அடிச்சா எவன் வெச்சிருப்பான்? மூக்கப் புடிச்சுகினு அவனே தூக்கிட்டு ஓடுவான். தெனமும் நீங்கதானே உள்ள போய்ப் பெரட்டுறீங்க, அந்த பியூனு எங்க எட்டிப் பாக்குறான்?"

"பாவம் இல்லையா சுடரு?"

"யாருக்கு? ஒயினுக்கா?"

விஷயத்தைக் கேட்டதும் ஆயம்மா ஒரு மூட்டையை முழுசாக எடுத்துக் கொடுத்தாள். "வாளையும் சொறாவும் கலந்து வெச்சிருக்கேன் தம்பி. செத்துப்போனவன் பக்கத்துல வெச்சா எந்திரிச்சு ஒக்காந்து, யாருடா அதுன்னு கேப்பான். வேல முடிஞ்சதும் மூட்டைய மட்டும் குடுத்துடு."

அரிகிருஷ்ணன் அதைப் பாட்டில் அடுக்குகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி வைத்தார். பன்னிரண்டு டிகிரியில், இருட்டில், அதிர்வில்லாமல், கருவாடு தன் வேலையை ஆரம்பித்தது.

சுவைச் சோதனைக்குத் தேதி குறித்தார்கள். வரவு வைக்காத பாட்டிலைத் திறக்கக்கூடாது என்ற சிக்கல் இருந்தது. வாரியம் கூடி, முழுசாக இருந்த ஒரு பாட்டிலைப் போக்குவரத்தில் உடைந்ததாகச் சான்றளித்துவிட்டு அதைத் திறப்பது என்று முடிவு செய்தது. பாட்டிலை இடம் மாற்றினால் ஒயின் விழித்துக்கொள்ளும் என்று முசியே சொன்னதால் சோதனை அந்தக் குளிர் அறைக்குள்ளேயே நடந்தது. தலைவர், செயலாளர், முசியே, மதுவிலக்கு ஆர்வலர் என்ற ஒதுக்கீட்டில் நியமிக்கப்பட்ட ஓர் உறுப்பினர் எல்லோரும் கம்பளி போர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். அரிகிருஷ்ணன் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றார். நாற்றத்துக்கு அவரே வாயால்தான் மூச்சு விட்டார். இன்றைக்கே எடுத்துவிடுவார்கள் என்று நம்பினார்.

அடைப்பான் பெருமூச்சோடு வெளியே வந்தது. முசியே உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மூக்கை உள்ளே விட்டார். விட்டவர் எடுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"என்ன முசியே?" என்றார் தலைவர் கைக்குட்டையின் வழியாக.

"கடல்," என்றார் முசியே மெதுவாக. "கடல் வருது. உப்பு, சூரியன், வலை காயுற மணல்... கொஞ்சம் மரணமும் இருக்கு. பாரிசிலகூட நான் இப்படி முகர்ந்ததில்ல."

நெடுமாறன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மால்டோவாவில் கடல் இல்லை என்று டெண்டர் கோப்பில் படித்ததாக ஞாபகம் என்றார்.

"இப்ப இல்ல. லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னால இருந்தது. சுண்ணாம்புக்கல் எங்கேருந்து வந்ததுன்னு நெனைக்கிறீங்க? அந்தக் கடலோட ஞாபகம் பாட்டிலுக்குள்ள இருக்கு. சாதாரண மூக்குக்குப் பிடிபடாது."

சாதாரண மூக்கு உள்ளவர் என்று பெயரெடுக்க யாரும் தயாராக இல்லை. தலைவர் முகர்ந்துவிட்டு, ஆம், கடல், என்றார். நெடுமாறன் தலைவர் சொன்ன கடலை வழிமொழிந்தார். மதுவிலக்கு உறுப்பினர் குடிக்காமலே தலையாட்டினார். வெளியில் வந்து சாக்கடையோரம் வாந்தி எடுத்துவிட்டு, பழகாத உடம்பு என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

வாரியம் அறிவியல் பூர்வமாகவும் நடந்துகொண்டது. மீதமிருந்த அரைப் பாட்டிலை மாளிகைக்குக் கொண்டுபோய் அங்கே ஒருமுறை முகர்ந்தார்கள். கடல் இல்லை. உப்பளம் அறைக்குத் திரும்பக் கொண்டுவந்து முகர்ந்தார்கள். கடல் இருந்தது. கடலின் ஞாபகம் இந்த அறையில் மட்டுமே விழிக்கிறது, எனவே ஒயினையும் அறையையும் பிரிக்க முடியாது என்று தீர்மானம் எழுதப்பட்டது. அறை மரபு நிலவறையாக நிரந்தரமாக அறிவிக்கப்படும். ஜூலை பதினாலு விழா அதன் வாசலிலேயே நடக்கும்.

செய்தியை நெடுமாறன் போனில் சொன்னார். "லக்கு அடிச்சிடுச்சுப்பா உனக்கு. பேப்பர்ல பேர் வரும்."

அரிகிருஷ்ணன் போனை வைத்துவிட்டு, பதினாலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலில் எண்ணினார்.

விழாவன்று உப்பளத்துத் தெருவை மறித்துப் பந்தல் போட்டார்கள். முதலில் பிரெஞ்சுக் கீதம், பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து. பிரெஞ்சுப் படையில் இருந்து, மார்பில் பதக்கம் குத்திய பழைய சிப்பாய்கள் முன்வரிசையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர்களுக்கு உயரமான குவளைகளில் நுரை பொங்கக் கொடுத்தது பன்னீர் சோடா. மால்டோவா ஒயின் இனி குடிக்கத் தகாத அளவுக்கு உயர்ந்துவிட்டது என்று தலைவர் தன் உரையில் விளக்கினார். "குடித்துத் தீர்த்துவிட்டால் அது மரபு ஆகாது. யாரும் குடிக்க முடியாதபடி காப்பதுதான் மரபு. இந்த வாரியம் இருக்கும்வரை ஒரு சொட்டும் யார் தொண்டைக்குள்ளும் இறங்காது என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டல்.

பந்தலுக்கு வெளியே ஆயம்மாவின் மினி வண்டி நின்றது. விடிகாலை பிடித்த வஞ்சிரமும் சங்கராவும் ஐஸ் பெட்டிகளில் இருந்தன. பெட்டிகளின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகித் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அரிகிருஷ்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரிகிருஷ்ணனை மேடைக்குக் கூப்பிட்டுச் சரிகைச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி நெடுமாறன் மைக்கைக் கொடுத்தார்.

"அது கருவாடுங்க," என்றார் அரிகிருஷ்ணன்.

மைக் வீறிட்டது. யாரோ வந்து சரிசெய்தார்கள்.

"கடல் இல்லீங்க, கருவாடு. நான்தான் வெச்சேன். அடுக்குக்குப் பின்னால ஒரு மூட்டை வாளையும் சொறாவும் கெடக்குது. போய்ப் பாருங்க. நாத்தம் அடிச்சா நீங்க எடுத்துட்டுப் போயிடுவீங்கன்னுதான் வெச்சேன். தப்புதான். ஜெயில்ல போடுங்க, வேணான்னு சொல்லல. ரூம்ப மட்டும் குடுத்துடுங்க. வெளிய மீனு நிக்குது சார். ஐஸ் கரையுது."

நெடுமாறன் பியூனுக்குக் கைகாட்டினார். பியூன் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தார். முன்வரிசைச் சிப்பாய்கள் இரண்டாம் வரிசைக்கு எழுந்து போனார்கள். தலைவர் முசியேவைப் பார்த்தார்.

"முதல் முகர்விலேயே கண்டுகிட்டேன்," என்றார் முசியே. "பேரு சொல்லல, அவ்வளவுதான். கடல்னு சொன்னேன். கருவாடு எங்கேருந்து வருது?"

தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

"நண்பர்களே, பிரெஞ்சு தேசத்தில் ஒரு பாலாடைக்கட்டியைக் குகையில் வைத்துப் பூசணம் பூக்க விடுகிறார்கள். அதைக் கண்டுபிடித்தவனை அவர்கள் ஜெயிலில் போடவில்லை. நம் மண்ணின் மைந்தர் ஒருவர், யாரும் கேட்காமலே, ஊதியமும் பெறாமலே, மால்டோவாவின் ஒயினுக்குப் புதுச்சேரியின் கடலை ஊட்டியிருக்கிறார். அதைத் தப்பு என்கிறார், பாருங்கள் அந்த அடக்கத்தை. இந்த மூட்டைக்கும் வாரியம் பொறுப்பேற்கிறது. இந்த முறையை ஆராய ஒரு துணைக் கமிட்டி இன்றே அமைக்கப்படுகிறது. கமிட்டியின் அறிக்கை வரும்வரை அறைக்குள் யாரும், அரிகிருஷ்ணன் அவர்கள் உட்பட, நுழையக்கூடாது. அவர் கைபட்டால் முறை மாறிவிடும்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிப்பாய்கள் சல்யூட் அடித்தார்கள். மூட்டை மறுபடி உள்ளே போயிற்று. பழைய பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு மாட்டினார்கள்.

அரிகிருஷ்ணன் மேடையை விட்டு இறங்கி வண்டியருகில் வந்தார். ஆயம்மா பெட்டிகளின் மூடியை அழுத்தி மூடினாள். வண்டிக்கார ஆளிடம் கிளம்பச் சொன்னாள். அரிகிருஷ்ணன் சால்வையை உருவி, ரோட்டில் ஓடிய ஐஸ் தண்ணீரில் நனைத்து, வெயில் படும் பக்கத்துப் பெட்டிகள் மேல் விரித்தார். விரித்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எங்க தம்பி ஏறுற?"

"பொட்டி எறக்க ஆளு வேணும்ல."

"வேணாம் தம்பி. நீ ரூம்புக்காரன்."

அவர் இறங்கவில்லை. வண்டி கடலூர் ரோட்டில் திரும்பியது.

கடலூரில் அந்த அறைக்காரன் சின்ன வயசு. கணுக்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். ஆயம்மாவை வரவேற்றுவிட்டு, இவர் யார் என்பதுபோல் பார்த்தான். ஆயம்மா வாயைத் திறப்பதற்குள், "கூலிக்கு வந்திருக்கேன்," என்றார் அரிகிருஷ்ணன்.

பெட்டிகளைத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோய் அடுக்கினார். கனமானதைக் கீழே, காற்றுப் போக நடுவில் இடம் விட்டு, கதவுப் பக்கம் நாளைக்கு எடுக்க வேண்டியது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பெட்டியை வைத்த பிறகு அவர் வெளியே வரவில்லை. மோட்டார் ஓடியது. தரை காலுக்கடியில் லேசாக நடுங்கியது. மீனுக்கான சரியான குளிர், மூச்சு புகையாக வந்தது. அவர் சுவரில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா பெரியவரே, உள்ளயே நின்னுட்ட?" வாசலில் அறைக்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "குளிரு வெளிய போவுது. வா, கதவ சாத்தணும்."